ஒரே ஒரு ஒயர்தானே சார்?

மழைக்காலம் வந்தால் காட்பாடி, சத்துவாச்சாரி பக்கமிருந்து ஒரே புகார்: “வாசலில் வெள்ளத் தடுப்புப் பலகை போட்டும் பேஸ்மென்டில் தண்ணீர் சார்.” போய்ப் பார்த்தால் பலகைக்கு அடியில் ஜெனரேட்டர் ஒயர் கிடக்கும். போன வாரம் ஒரு துணிக்கடையில் மறுபடியும் அதே கதை. பொறுமை போய்விட்டது, அதனால் எழுதுகிறேன்.

“விரல் தடிமன் ஒயர்தானே, எவ்வளவு தண்ணீர் வந்துவிடும்?” என்கிறார்கள். ஒயர் போகும் ஓட்டையை மட்டும் கணக்குப் போடாதீர்கள். பலகை ஒயர்மேல் ஏறி நின்றுவிட்டால் அடி ரப்பர் தரையில் உட்காராது. ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு சென்டிமீட்டர் சந்து, வெளியே அரை மீட்டர் தண்ணீர் என்றால் நொடிக்குச் சுமார் 19 லிட்டர் உள்ளே பாயும். 12,000 லிட்டர் லாரி ஒன்று 11 நிமிடத்துக்குள் காலியாகிற வேகம் அது. வீட்டு மோட்டாரை வைத்து இறைத்துத் தீராது.

நீர்மூழ்கிக் கப்பலே இப்படி மூழ்கியிருக்கிறது. ஆழத்தில் ஹேட்ச் (ஆள் ஏறி இறங்கும் வாய்) மூடியைக் கடலே அழுத்திக்கொள்ளும், ஆபத்து கரையோரத்தில்தான். மூடி திறந்திருக்கும், உள்ளே ஒயர் ஓடும், நீர்மட்டமோ கிட்டத்திலேயே இருக்கும். 1969 மே 15 அன்று கலிஃபோர்னியாவின் மேர் ஐலண்டு தளத்தில், கட்டுமானத்தில் இருந்த அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கி கிட்டாரோ கட்டிய இடத்திலேயே முழுகியது. ஆட்கள் மூட ஓடினார்கள். ஹேட்ச்களிலும் கதவுகளிலும் கேபிள்கள் குறுக்கே கிடந்ததால் பலவற்றை மூட முடியவில்லை. ஹேட்சைச் சுற்றிக் கழற்றி மாட்டும் தடுப்போ, உங்கள் கடை வாசல் பலகையோ, வரைபடம் போடும்போதே ஒயருக்கு வழி சொல்லிவிட வேண்டும்.

அந்த வழி பலகைக்கு மேலே. அடியிலும் வேண்டாம், ஓரத்திலும் வேண்டாம். முடியாத இடத்தில் சட்டென்று கழலும் பிளக் வையுங்கள். தண்ணீர் ஏறிய பிறகு அதைத் தொடாதீர்கள். மழை எச்சரிக்கை வந்ததுமே மெயினை அணைத்துக் கழற்றிவிடுங்கள்.

பலகையை வெளிப்பக்கம் மாட்டுங்கள், தண்ணீரே அதைச் சட்டத்தோடு அழுத்தும். அழகு கெடுகிறதென்று உள்பக்கம் மாட்டினால் பாரம் முழுக்க போல்ட்டில். மீட்டர் அகல வாசலில் அரை மீட்டர் தண்ணீருக்கு 125 கிலோ, ஒரு மீட்டர் ஏறினால் 500 கிலோ. இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. அதனால் “இன்னும் உயரமா போடுங்க” என்பவர்கள் முதலில் சுவரைக் காட்டுங்கள்.

பாலாற்றில் தண்ணீரே வராது என்று பேசியவர்களை 2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அதிகம் காணோம். ஆனால் பலகை இன்னும் குடோனில்தான் தூங்குகிறது. அக்டோபருக்கு முன் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். முதலாளி வேண்டாம், ராத்திரி கடையில் இருக்கிற வாட்ச்மேனே மாட்டட்டும். அப்புறம், தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்தால் சரக்கை எடுக்க யாரையும் பேஸ்மென்டுக்குள் இறக்காதீர்கள், தயவுசெய்து.