யார்சாகும்பா: புழுவா, புல்லா, காளானா?

‘யார்சாகும்பா’ என்பது இமயமலையில் கிடைக்கும் ஒரு மருந்துப் பொருளுக்கு நேபாளத்தில் வழங்கும் பெயர். மூலம் திபெத்திய மொழி. அங்கே ‘யார்ட்சா குன்பு’ என்பார்கள். யார் என்றால் கோடை, ட்சா புல், குன் குளிர்காலம், பு புழு. குளிர்காலத்தில் புழுவாக இருப்பது கோடையில் புல்லாகிவிடுகிறது என்று நம்பி வைத்த பெயர். சீனப் பெயருக்கும் இதே பொருள்தான். உத்தராகண்டின் பித்தோராகட் பக்கம் ‘கீடா ஜடி’, அதாவது பூச்சி மூலிகை.

உண்மையில் அது புல்லே இல்லை. 3000 முதல் 5000 மீட்டர் உயரத்தில், மண்ணுக்குள் வேர்களைத் தின்று வாழும் ஒருவகை அந்துப்பூச்சியின் புழுவை ஒரு பூஞ்சை பற்றிக்கொள்கிறது. உள்ளே இருப்பதையெல்லாம் தின்றுவிட்டுத் தோலை மட்டும் விட்டுவைக்கிறது. பனி உருகும்போது, செத்த புழுவின் தலையிலிருந்து பழுப்பு நிறக் குச்சி ஒன்று மண்ணுக்கு மேலே எட்டிப் பார்க்கும். அந்தச் சிறு குச்சியைத் தேடித்தான் நேபாளத்தின் டோல்பா மலைகளில் குடும்பம் குடும்பமாகத் தரையில் தவழ்கிறார்கள். அவ்வளவு விலை அதற்கு. அளவுக்கு மீறி எடுத்ததால் 2020இல் அழியும் ஆபத்துள்ள இனங்களின் சிவப்புப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

அறிவியல் பெயர் ஒஃபியோகார்டிசெப்ஸ் சைனென்சிஸ். கார்டிசெப்ஸ் என்பதில் கிரேக்கமும் லத்தீனும் கலந்திருக்கின்றன: கதாயுதம் போன்ற தலை என்று பொருள். பாம்பைக் குறிக்கும் ‘ஒஃபியோ’ 2007இல் நடந்த மறுவகைப்பாட்டில் முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘கம்பளிப்புழுக் காளான்’ என்றால் பொருந்தாது. கம்பளிப்புழுவுக்கு உடம்பெல்லாம் மயிர். இது மண்ணுக்குள் வாழும் வழவழப்பான புழு. காளானுக்கு ‘ஆம்பி’ என்ற அழகான பழஞ்சொல் நம்மிடம் உண்டு. சமைத்தே நாளான வீட்டு அடுப்பில் ‘ஆம்பி பூப்ப’ என்று புறநானூறு வறுமையைச் சொல்லும். ‘புழுவாம்பி’ எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் கேட்டதும் புரிய வேண்டுமே, அதனால் ‘புழுக்காளான்’ என்பதையே பரிந்துரைப்பேன்.

மருத்துவப் பயன்? 15ஆம் நூற்றாண்டிலிருந்தே திபெத்திய மருத்துவ ஏடுகளில் இதைப் பற்றிய குறிப்பு உண்டு. சோர்வு, நுரையீரல், சிறுநீரகக் கோளாறுகளுக்கு இன்றும் கொடுக்கிறார்கள். ஆனால் இது நோயைத் தீர்க்கும் என்று சொல்லுமளவுக்கு மனிதர்களிடம் பெரிய, உறுதியான ஆய்வுகள் இல்லை. விளம்பரங்களில் அடிபடும் ‘கார்டிசெபின்’ என்ற வேதிப்பொருள் 1950 வாக்கில் கார்டிசெப்ஸ் மிலிட்டாரிஸ் என்ற வேறொரு காளானில் கண்டறியப்பட்டது. நம் செல்களில் உள்ள அடினோசின் என்ற பொருளைப் போலவே இருக்கும், ஒரே ஓர் ஆக்சிஜன் அணு குறைவு. அந்தக் குறையோடு, மரபணுச் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. சங்கிலியில் போய் உட்கார்ந்துவிட்டால் சங்கிலி அதற்கு மேல் நீளாது. புற்றுநோய் ஆய்வாளர்களுக்கு இதன்மேல் ஆர்வம் வந்தது அதனால்தான். ஆனால் இமயமலைக் காளான் கார்டிசெபினை உண்டாக்குவதே இல்லை என்றது 2017இல் வந்த மரபணு ஆய்வு ஒன்று. அப்புறம், 2016இல் சீன அரசு இந்தக் காளான் பொருட்களில் ஆர்செனிக் அளவு அதிகம் என்று எச்சரித்தது. சர்க்கரைக்கோ இரத்தம் உறையாமலிருக்கவோ மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.

கடைகளில் ஆரஞ்சு நிற இழைகளாகக் கிடைப்பது பெரும்பாலும் மிலிட்டாரிஸ்தான். அரிசியில் வளர்ப்பது, புழுவே கிடையாது. அதைப் புழுக்காளான் என்று விற்பது தவறு. கார்டிசெப்ஸ் என்றே எழுதலாம்.