இறங்கிய கால் ஏன் இரண்டாம் நாள் வலிக்கிறது?

சென்னையில் வேலை பார்க்கும் மகனுடன் நாகலாபுரம் மலையில் ஏறத் திட்டமிட்டிருக்கும் திருமங்கலத்து வாசகர் ஒருவர், சதுரகிரி சென்று வந்த அனுபவத்திலிருந்து ஒரு கேள்வியை அனுப்பியிருக்கிறார். தாணிப்பாறையிலிருந்து ஏறும்போதுதான் மூச்சு வாங்கியது, இறங்கியது எளிதாகவே இருந்தது. அப்படியிருக்க, இரண்டாம் நாள் மாடிப்படியில் இறங்க முடியாதபடி தொடை வலித்தது ஏன்?

ஏறும்போது தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது என்பது பள்ளிப் பாடம். இறங்கும்போது நிகழ்வதுதான் வியப்புக்குரியது. முழங்கால் மடங்க மடங்க, முன்தொடைத் தசை சுருங்க முயன்றுகொண்டே உடல் எடையால் நீட்டப்படுகிறது. தசைநாருக்குள் மயோசின் என்ற புரதத்தின் தலைகள் ஆக்டின் என்ற புரத இழையைப் பற்றி இழுக்கின்றன. வழக்கமாக ஒவ்வொரு பிடியையும் விடுவிக்க உடலின் எரிபொருளான ஏடிபியின் ஒரு மூலக்கூறு வேண்டும். இறக்கத்திலோ எடையே பல பிடிகளைப் பிய்த்துவிடுவதால், அந்தத் தலைகள் ஏடிபியைச் செலவிடாமலே மீண்டும் பற்றிக்கொள்கின்றன. ஆகவே சில நார்களே, குறைந்த எரிபொருளில், பெரிய விசையைத் தாங்கிவிடுகின்றன. 1952இல் அபாட், பிக்லாண்ட், ரிச்சி ஆகிய உடலியல் ஆய்வாளர்கள் இரண்டு சைக்கிள்களை எதிரெதிராக வைத்துச் சங்கிலியால் இணைத்து, ஒருவர் மிதிக்க மற்றவர் அதைத் தடுக்கும்படி செய்தார்கள். இருவரும் ஒரே விசையைத் தந்தபோதும், தடுத்தவருக்கு ஆக்சிஜன் மிகக் குறைவாகவே தேவைப்பட்டது. உடலியலில் இதைவிட அழகான சோதனையை நான் அறியேன்.

ஆனால் சில நார்களே சுமையை ஏற்பதால், அவற்றின் சார்கோமியர்கள், அதாவது சுருங்கி விரியும் நுண்ணிய அலகுகள், அளவுக்கு மீறி நீண்டு சிதைகின்றன. அதைத் தொடர்ந்து அழற்சி ஏற்பட்டு, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வலி உச்சத்தை அடைகிறது. லாக்டிக் அமிலம் தேங்குவதே காரணம் என்று உடற்பயிற்சிக் கூடங்களில் இன்றும் சொல்கிறார்கள். அது ஓரிரு மணி நேரத்திலேயே இரத்தத்திலிருந்து நீங்கிவிடும். இத்தனை பேர் வேண்டுதலுக்காக மலையேறும் நாட்டில், அவர்களுடைய முழங்கால்களை ஆராய அரசு நிதி ஒதுக்குவது அவசியம் என்று நினைக்கிறேன்.

ஒருமுறை இப்படிச் சிதைந்து சீரான தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் மிகக் குறைவாகவே சேதமடைகிறது. எனவே பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு வாசகர் கீழக்குயில்குடிக்குச் சென்று சமணர் மலையில் ஏறி, நிதானமாக இறங்கிப் பழகலாம். மெரினாவில் ஓடுவது மகனின் இதயத்துக்கு நல்லதுதான், ஆனால் சமதளம் இந்தத் தசையைப் பழக்காது. மகன் அலுவலகத்தில் லிஃப்டில் மேலே போய், படிகளில் இறங்கி வரட்டும்.