பழைய வேனுக்கு டிஸ்க் பிரேக் எதற்கு?

ஃபோக்ஸ்வாகன் கோம்பி வேனின் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது 1971 மாடலில்தான். அதற்கு முந்தியவற்றில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். சிங்கப்பூரில் அப்படியொரு வேனைப் பேணி வைத்திருப்பவர்களுக்கு, டிஸ்க் போட்டால் மிதித்த இடத்தில் நின்றுவிடும் என்றொரு நம்பிக்கை உண்டு. அது அவ்வளவு சரியில்லை.

சக்கரத்தோடு சுழலும் உருளைப் பெட்டிதான் டிரம். அதற்குள், பிரேக் திரவத்தின் அழுத்தத்தால் இயங்கும் வீல் சிலிண்டர், ஷூ எனும் வளைந்த உராய்வுக் கட்டையை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. சுழலும் டிரம் அந்த ஷூவைத் தன்னோடு இழுத்து மேலும் இறுக்கிக்கொள்கிறது; காலின் விசையை பிரேக்கே பெருக்கித் தருகிறது. டிஸ்க்கில் இந்தச் சலுகை கிடையாது. சக்கரத்தோடு சுழலும் தட்டை இருபுறமும் பேட் எனும் உராய்வுக் கட்டை நேராக அழுத்துகிறது, அவ்வளவுதான். அந்தக் குறையை ஈடுகட்டவே பல வண்டிகளில் சர்வோ எனும் விசைபெருக்கி துணைக்கு வருகிறது. எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடம்தான் அதன் பலம்.

டிஸ்க்கின் அருமை தெரிவது வெப்பத்தில். 1,500 கிலோ எடையுள்ள வேன் 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்றால் சுமார் 370 கிலோஜூல் வெப்பம் பிறக்கிறது. ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது தாராளம். சூடான டிரம் விரிந்து ஷூவைவிட்டு விலகுகிறது, மிதி ஆழமாகிறது. டிஸ்க்கோ சூட்டில் பேட்டை நோக்கியே தடிக்கிறது. காற்றுப்படும்படி இருப்பதால் சீக்கிரம் ஆறியும் விடுகிறது. மலேசியாவின் கேமரன் மலையிலிருந்து இறங்குபவருக்கு இது உயிர்காக்கும் விஷயம். புக்கிட் தீமாவின் 164 மீட்டரே உச்சமாக உள்ள நம் தீவில் மழைதான் பெரிய காரணம். டிரம்முக்குள் புகுந்த நீர் எளிதில் வெளியேறாது. டிஸ்க் சுழன்றபடியே அதை உதறிவிடும்.

மாற்றுவதென்றால் டிஸ்க்கோடு வேலை முடியாது. பேட்டை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டனுக்குத் திரவம் அதிகம் வேண்டும். மிதிக்கும்போது திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் சிறியதாக இருந்தால் மிதி வெகுதூரம் இறங்கும். டிரம்முக்காகக் குழாயில் சிறிது அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு பழைய அமைப்பில் இருந்தால், அதை நீக்க வேண்டும். இல்லாவிட்டால் பேட் விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். 1971 பாகங்களைப் பொருத்தினால் சக்கர போல்ட்கள் அமையும் வட்டத்தின் விட்டமும் 205 மில்லிமீட்டரிலிருந்து 112க்கு மாறுகிறது, பழைய சக்கரங்கள் ஏறாது. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளையும் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

என்னைக் கேட்டால், முதலில் பிரேக் திரவத்தை மாற்றுங்கள். பழைய வண்டிகளுக்கான கிளாசிக் திட்டத்தில் உள்ள வண்டி ஆண்டில் 45 நாள்தான் ஓடலாம். மற்ற நாள்களில் நம் ஈரக்காற்றில் நிற்கிறது. திரவம் மெல்ல நீரை ஏற்கிறது, வீல் சிலிண்டருக்குள் துரு பிடிக்கிறது, பிஸ்டன் இறுகுகிறது. பிரேக் போட்டால் வேன் ஒருபக்கமாக இழுக்கிறதா? டிஸ்க்குக்குப் பணம் கட்டுவதற்கு முன் அந்தச் சிலிண்டரைக் கழற்றிப் பாருங்கள்.