பாய்மரப் படகின் உள்ளறைக்கு எல்.ஈ.டி. விளக்கு

திருகோணமலை உட்துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கும் பாய்மரப் படகின் எஞ்சினை நிறுத்திய பின்னர், அதன் உள்ளறை விளக்குகள் முழுக்க முழுக்க மின்கலத்தை நம்பியே எரிகின்றன. 10 வாற்று இழைக் குமிழ்கள் மூன்றை மாலையில் ஐந்து மணிநேரம் எரித்தால் 12.5 அம்பியர்-மணி செலவாகும். ஈய அமில மின்கலத்தைப் பாதிக்கு மேல் வடியவிட்டால் அதன் ஆயுள் குறையும் என்பதால், 100 அம்பியர்-மணி மின்கலம் நான்கு இரவுகளுக்கே தாங்கும். ஏறக்குறைய அதே வெளிச்சத்தை 2 வாற்றில் தரும் எல்.ஈ.டி. விளக்குகளோ இருபது இரவுகள் எரியும். இழைக் குமிழ் தான் பெறும் சக்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமாகவே கக்குவதால், வைகாசிப் புழுக்கத்தில் அந்த அறைக்குள் படுப்பவர்களுக்கு இம்மாற்றம் இன்னொரு வகையிலும் ஆறுதலாகும்.

ஆனால், குமிழைக் கழற்றி எல்.ஈ.டி.யை மாட்டுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. ஒளிகாலும் இருவாயி எனப்படும் இக்குறைகடத்தியின் சந்தியில் இலத்திரன்கள் துளைகளோடு (இலத்திரன் இல்லாத வெற்றிடங்களோடு) சேரும்போது விடுபடும் சக்தியே ஒளியாகிறது. வெள்ளை விளக்கினுள் இருப்பது உண்மையில் நீலச் சில்லு. அதன் மேற்பூச்சு நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து வெண்மையாகத் தெரிகின்றன. (திறன்மிக்க நீலச் சில்லை உருவாக்கியதற்காகவே அகசாகி, அமனோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது.) இச்சில்லு ஏறத்தாழ 3 வோல்ற்றில் ஒளிர்கிறது, அதற்குமேல் வோல்ற்றளவு சிறிது உயர்ந்தாலும் மின்னோட்டம் பன்மடங்காகப் பெருகும்.

படகின் '12 வோல்ற்று' என்பதோ பெயரளவில்தான். நிரம்பிய மின்கலம் ஓய்வில் 12.7 வோல்ற்றைக் காட்டும். எஞ்சினோ சூரியப்படலோ மின்னேற்றும்போது அது 14.4 வரை ஏறும். கடையில் வாங்கும் மலிவான ஒட்டுநாடா விளக்கை உற்றுப் பார்த்தால், மூன்று சில்லுகளுக்கு ஒன்றாக '151' என்று பொறித்த சிறிய கறுப்புத் தடையி தெரியும். அது 150 ஓம். 12 வோல்ற்றில் சில்லுகள் 9 வோல்ற்றை எடுத்துக்கொள்ள, எஞ்சிய 3 வோல்ற்று அத்தடையியில் 20 மில்லி அம்பியரைச் செலுத்துகிறது. 14.4 வோல்ற்றில் எஞ்சுவது 5.4 என்பதால் மின்னோட்டம் ஏறக்குறைய 36 மில்லி அம்பியராகிறது; தடையியின் வெப்பமோ மூன்று மடங்கைத் தாண்டுகிறது. ஆகவே, மின்கலம் நிரம்பும் நண்பகலில் எரியவிட்ட நாடாதான் விரைவில் மங்கிக் கருகுகிறது.

10 முதல் 30 வோல்ற்று வரை ஏற்கும், மாறா மின்னோட்டம் தரும் சீராக்கி கொண்ட விளக்கே இதற்குத் தீர்வு. விலை கூடினாலும் வாங்க வேண்டியது அதைத்தான் என்பேன். எனினும், அச்சீராக்கி மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிச் செலுத்துவதால், மறைப்பு சரியில்லாதவிடத்து வானொலி இரைச்சலை உமிழும். இவ்வாறு படகுகள் பேசிக்கொள்ளும் வீ.எச்.எப். வானொலி செவிடாகும் அபாயம் குறித்து அமெரிக்கக் கரையோரக் காவற்படை 2018இல் எச்சரிக்கை விடுத்தது. சோதிப்பது எளிது: விளக்குகளை அணைத்து, பேச்சில்லாத அலைவரிசையொன்றில் இரைச்சல் அடங்கும் எல்லை வரை மட்டும் ஸ்குவெல்ச் எனப்படும் இரைச்சலடக்கிக் குமிழியைத் திருப்பி வைத்த பின் விளக்கைப் போட வேண்டும். வானொலி இரையத் தொடங்கினால் அவ்விளக்கை மாற்றுவதே நல்லது.

கம்பியைப் பொறுத்தவரை, உப்புக் காற்றில் வெறும் செம்பு பச்சை பூத்து அரிக்குமாதலால் வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பியே ஏற்றது. உருகி மின்கலத்தின் நேர்முனைக்கு அருகிலேயே இருக்க வேண்டும்.

வரைபட மேசைக்கு மேலே தனி ஆளியுடன் ஒரு சிவப்பு விளக்கையும் பொருத்துவது வழக்கம். இருட்டுக்குப் பழகிய விழித்திரைக் கோல்கள் (மங்கிய ஒளியில் பார்க்க உதவும் கலங்கள்) சிவப்பொளியை மிகக் குறைவாகவே உணர்வதால், மேலே காவலுக்குத் திரும்பும்போது மீண்டும் அரை மணிநேரம் கண்ணைப் பழக்க வேண்டியதில்லை. ஆயினும், கடல் வரைபடங்களில் வெளிச்சவீடுகளைச் சுட்டும் ஊதா கலந்த சிவப்புக் குறிகள் அவ்வொளியில் தாளோடு தாளாக மறைந்துவிடும். இரவில் கொட்டியாரக் குடாவுக்குள் நுழையும் படகுக்கு வேண்டியவை அக்குறிகளே என்பதால், மிகவும் தணிக்கக்கூடிய வெள்ளை விளக்கொன்றும் அருகில் இருப்பது அவசியம்.