பாலைவனப் புத்தகம் படிச்சுட்டு நடக்கக் கிளம்பறவங்க கிட்ட நான் கேக்கறது

தென்னாப்பிரிக்கா டர்பன்ல சாட்ஸ்வர்த் பக்கம் குடும்ப டாக்டரா இருக்கேன். வருஷா வருஷம் ஏப்ரல் பொறந்தா போதும், கையில ஒரு ஃபார்மோட ஆளுங்க வர ஆரம்பிச்சிடுவாங்க. நமீபியாவுல ஃபிஷ் ரிவர் கேன்யன்ல நடக்கறதுக்கான மெடிக்கல் ஃபார்ம் அது. சுமார் 85 கிலோமீட்டர், ஹோபாஸ் பக்கத்துல பள்ளத்தாக்குல இறங்கினா நாலஞ்சு நாள் நடந்து ஐ-ஐஸ் வெந்நீர் ஊத்துல போய் முடியும். மே 1லேர்ந்து செப்டம்பர் 15 வரைக்கும்தான் விடுவாங்க, மத்த மாசத்துல வெயில் 40 டிகிரிக்கு மேல போயிடும், திடீர் வெள்ளமும் வரலாம். டாக்டர் கையெழுத்து இல்லாம உள்ள விடமாட்டாங்க.

கையெழுத்து போடறதுக்கு முன்னாடி நான் எல்லார்கிட்டயும் ஒண்ணு கேப்பேன், என்ன புத்தகம் படிச்சீங்கன்னு. பெரும்பாலும் ஒரு புத்தகம் இருக்கும். புருஷன் போனதுக்கப்புறம் தனியா இருக்கற அக்கா, ஒரு பொண்ணு ஒத்தையா மாசக்கணக்கா நடந்து மனசு தேறுன கதையைப் படிச்சிருப்பாங்க. ரிட்டயர் ஆன அங்கிள் மௌனம், தியானம், கடவுள்னு ஒரு புத்தகம் வச்சிருப்பாரு. புதுசா கல்யாணம் ஆன பசங்க மணல்மேடு, நட்சத்திரம், கூடாரம்னு காதல் கதை. நானும் இதையெல்லாம் ஆசையா படிக்கிறவதான், யாரையும் போகாதீங்கன்னு சொல்றதில்ல. ஆனா இந்தப் புத்தகங்கள்ல நிறைய இடத்துல உடம்பே காணோம். 300 பக்கம் நடக்கறாங்க, எத்தனை லிட்டர் தூக்கிட்டுப் போனாங்கன்னு ஒரு வரி இல்ல, மூத்திரம் டீ கலர்ல போச்சுன்னு யாரும் எழுதறதில்ல, பிபி மாத்திரை போடற கதாநாயகி ஒருத்தியும் இல்ல. என்கிட்ட வர்றவங்கள்ல 40 வயசு தாண்டுனவங்க பாதிப்பேர் பிபிக்கோ சுகருக்கோ மாத்திரை போடறவங்க.

நம்ம பழைய பாட்டு இதுல எவ்வளவு நேர்மையா இருக்குன்னு எனக்கு ரொம்பப் பெருமை. சனிக்கிழமை தமிழ் க்ளாஸ்ல பெரியவங்க கொஞ்சபேர் சேர்ந்து பாலைத்திணைப் பாட்டு வாசிக்கிறோம், அகநானூறுல ஒத்தைப்படை எண் வர்ற 200 பாட்டும் பாலைதான். பிரிவைப் பாடற காதல் பாட்டு எல்லாம், ஆனா நிறைய பாட்டுல தண்ணியும் நிழலும் கணக்கோட வரும். கலித்தொகைல பாலை பாடிய பெருங்கடுங்கோ பாட்டு ஒண்ணு, குட்டி யானை மிதிச்சுக் கலக்கின கொஞ்சூண்டு தண்ணிய ஆண் யானை முதல்ல பெண் யானைக்குக் குடுத்துட்டு அப்புறம் தான் குடிக்குது, நிழலே இல்லாத இடத்துல ஆண் மான் தன் நிழல்ல பெண் மானை நிக்க வைக்குது. ஐந்திணை ஐம்பதுல இன்னொண்ணு, சுனைல இருக்கற தண்ணி ரெண்டுக்கும் பத்தாதுன்னு ஆண் மான் குடிக்கிற மாதிரி வாயை மட்டும் வச்சுக்குது, பெண் மான் நிம்மதியா குடிக்கட்டும்னு. இதை வாசிச்ச அன்னைக்கு எங்க க்ளாஸ்ல ஒரு பாட்டி கண்ணைத் துடைச்சாங்க. எனக்கும் கண்ணு கலங்கிச்சு, ஆனா எனக்கு ஞாபகம் வந்தது ஒரு பேஷண்ட்.

58 வயசு அண்ணன் அவரு. இங்க வறண்ட மாகாணமான நார்தர்ன் கேப் பக்கம் மனைவியோட மூணு நாள் நடந்திருக்காரு. தண்ணி எதிர்பார்த்ததைவிட வேகமா தீர்ந்து போச்சு, மனைவி களைச்சுப் போயிட்டாங்கன்னு தன் பங்கையும் அவங்களுக்கே குடுத்துக்கிட்டு, நான் குடிச்சிட்டேன் நீ குடின்னு சொல்லிக்கிட்டே வந்திருக்காரு. பிபிக்கு தினமும் எனலாப்ரில், கூடவே தண்ணி மாத்திரை ஹைட்ரோகுளோரோதயசைடு. முட்டி வலிக்குதுன்னு பையில இருந்த ஐபுப்ரோஃபென் மூணு வேளையும் போட்டிருக்காரு. இந்த மூணும் ஒண்ணா சேர்ந்து, உடம்புல தண்ணியும் இல்லேன்னா கிட்னிக்கு ரத்தம் போறதே குறைஞ்சிடும். தண்ணி மாத்திரை இருக்கற நீரையும் உப்பையும் வெளியேத்தும், எனலாப்ரில் கிட்னிக்குள்ள வடிகட்டற அழுத்தத்தைக் குறைக்கும், ஐபுப்ரோஃபென் உள்ள வர்ற ரத்தக்குழாயையே சுருக்கிடும். ஊருக்கு வந்து ரெண்டு நாள் வாந்தி, மூத்திரம் நின்னுபோச்சு. நல்லவேளை, டிரிப் ஏத்தி, மாத்திரைகளை நிறுத்தி வச்சு, நாலஞ்சு நாள்ல கிட்னி திரும்பிடுச்சு. எல்லாருக்கும் இப்படித் திரும்பும்னு சொல்ல முடியாது.

அதனால அந்த மாதிரி பிபி மாத்திரை போடறவங்க முட்டி வலிக்கு ஐபுப்ரோஃபென் மாதிரி மருந்து எடுக்காதீங்க, பாரசிட்டமால் போதும். வாந்தி பேதி வந்தா எந்த மாத்திரைய எத்தனை நாள் நிறுத்தணும்னு கிளம்பறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்குங்க, சுகருக்குப் போடற மெட்ஃபார்மினும் அந்த லிஸ்ட்ல வரும், நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. இன்சுலின் போடறவங்க அதைக் கார் டேஷ்போர்டுல வச்சுட்டா அவ்வளவுதான், சூட்டுல கெட்டுப்போயிடும். சுகர்ல பாதம் மரத்துப்போனவங்க மணல்ல வெறுங்காலோட நடக்கவே கூடாது, சுட்டது தெரியாது, கொப்புளம் வந்தப்புறம்தான் தெரியும்.

டர்பன்காரங்களுக்கு இன்னொரு விஷயம் புரியறதில்ல. நம்ம ஊர்ல காத்துல ஈரம் ஜாஸ்தி, வேர்வை சொட்டும், சட்டை நனையும், உடனே தண்ணி குடிக்கத் தோணும். கலஹாரி, கரூ மாதிரி வறண்ட இடத்துல வேர்வை வந்த வேகத்துல காஞ்சிடும், தோல்ல உப்புப் பொடி மட்டும் நிக்கும். வேர்க்கவே இல்ல டாக்டர்னு சொல்வாங்க, அந்த நேரத்துல மணிக்கு ஒரு லிட்டர் போயிருக்கலாம். உடம்பு சூட்டுக்குப் பழக ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும், பிளேன்ல போய் இறங்கின மறுநாளே நடக்கக் கூடாது. அதுக்காகப் பயந்துபோய் வெறும் தண்ணியா குடிச்சுக்கிட்டே இருந்தாலும் ஆபத்துதான், ரத்தத்துல சோடியம் இறங்கி தலைவலி, குழப்பம், வலிப்புன்னு போயிடும், கூடவே உப்பு இருக்கற சாப்பாடும் வேணும்.

யாராவது உளற ஆரம்பிச்சா, தள்ளாடுனா, அது ஹீட் ஸ்ட்ரோக்னே வச்சுக்குங்க. வேர்வை இருந்தாலும் சரிதான். நிழலுக்குக் கொண்டுபோய், துணியைத் தளர்த்தி, கைல இருக்கற தண்ணிய உடம்பு மேல ஊத்தி விசிறுங்க, மயக்கமா இருக்கறவங்க வாயில ஊத்தாதீங்க. ஒருத்தர் உதவிக்குப் போன் பண்றப்ப இன்னொருத்தர் குளுமைப்படுத்திக்கிட்டே இருக்கணும், ஆம்புலன்ஸ் வரட்டும்னு உக்காந்திருக்கக் கூடாது.

ஆன்மிகப் புத்தகம் படிக்கிற அங்கிள்மாருக்கு நான் சொல்றது இதுதான். எகிப்து பாலைவனத்துல தவம் இருந்த அந்தோணியார் தங்கின மலையடிவாரத்துல ஊத்து இருந்துச்சு. அந்தக் காலத்துத் துறவிங்க ஓலைக்கூடை முடைஞ்சு வித்து சாப்பிட்டாங்க, குருவும் சீடனுமா ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. தண்ணி இருக்கற இடத்தை வச்சுத்தான் அவங்க மௌனமே. சாகசம் படிக்கிற பசங்களுக்கு பிரெஞ்சு விமானியும் எழுத்தாளருமான செந்த் எக்சுபெரி புத்தகத்தைக் குடுப்பேன். 1935 டிசம்பர் 30ல லிபியப் பாலைவனத்துல அவரோட விமானம் விழுந்துச்சு, அவரும் மெக்கானிக் ப்ரெவோவும் கைல இருந்த துளிக் காபி, துளி ஒயின், ஒரு ஆரஞ்சை வச்சு அலைஞ்சாங்க, கடைசியில ஒட்டகத்துல வந்த ஒரு பெதூயின், அதாவது பாலைவன நாடோடி, தண்ணி குடுத்துதான் உயிர் தப்பிச்சாங்க. தாகம்னா நாக்கு, தொண்டை, கண்ணுக்கு என்ன ஆகும்னு அவர் மறைக்காம எழுதினாரு. தென்னாப்பிரிக்க எழுத்தாளர் ஆலிவ் ஷ்ரைனரோட 1883ல வந்த கரூ நாவலும் அப்படித்தான், நிலா வெளிச்சத்துல ஆரம்பிச்சாலும் 1862 வறட்சியை விட்டுடல.

அந்த அண்ணன் இப்ப நல்லா இருக்காரு. வர்ற ஜூன்ல திரும்பவும் நடக்கப் போறாங்களாம், ஃபார்மோட வந்திருந்தாங்க. அக்கா தன் பையில தனி பாட்டில், அவர் பையில தனி பாட்டில்னு ரெண்டுலயும் மார்க்கர்ல பேர் எழுதி என்கிட்ட காட்டினாங்க, அவர் பாட்டில் மதியத்துக்குள்ள எவ்வளவு குறையணும்னு ஒரு கோடும் போட்டிருந்தாங்க. மாத்திரை டப்பாவை எடுத்துட்டு வரலன்னு திருப்பி அனுப்பினேன், திங்கக்கிழமை எடுத்துட்டு வர்றாங்க.