வார்ப்பிரும்பில் சாதா ராடு வைக்காதீர்கள்

குலசேகரம், அருமனை பக்கத்திலிருந்து ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷின்களின் உடைந்த வார்ப்பிரும்புப் பற்சக்கரங்கள் எங்கள் லேத் பட்டறைக்கு அடிக்கடி வரும். சிலவற்றில் ஏற்கெனவே சாதா ராடால், அதாவது மைல்டு ஸ்டீல் கம்பியால், வெல்டிங் அடித்திருப்பார்கள். ஒட்டு அப்படியே நிற்கும். அதன் கரையோரமாகப் புது விரிசல் ஓடியிருக்கும். கொண்டுவருபவர் வெல்டரைத் திட்டுவார். எவ்வளவு சுத்தமான கைவேலை என்றாலும் அந்த ராடில் பெரும்பாலும் இதுதான் கதி.

மைல்டு ஸ்டீலில் கார்பன் கால் சதவீதம்கூடத் தேறாது. வார்ப்பிரும்பில் 2 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். உருகிக் கிடக்கும்போது அத்தனையும் இரும்பில் கரைந்திருக்கும். 1150 டிகிரி செல்சியஸ் வாக்கில் உறையும்போது அந்தக் கார்பன் எந்த உருவம் எடுக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நிதானமாக ஆறினால் கிராஃபைட் தகடுகளாகப் பிரிந்துவிடும். உடைத்துப் பார்த்தால் முகம் சாம்பல் நிறம். லேத்தில் சுகமாக வெட்டும், தூள் பட்டுக் கை கறுக்கும். சட்டென்று ஆறினால் பிரிய நேரம் கிடைக்காது. கார்பன் இரும்போடு சேர்ந்து சிமென்டைட் என்ற கெட்டியான சேர்மம் ஆகிவிடும். முகம் வெள்ளை, டூல் முனையே மழுங்கும், தட்டினால் தெறிக்கும்.

ஒரே வார்ப்பில் இரண்டும் இருக்கலாம். தடித்த நடுப்பகுதி சாம்பலாகவும், மெல்லிய விளிம்பு வெள்ளையாகவும் வரும். இதைத் தடுக்கத்தான் வார்ப்பாலையில் ஊற்றுவதற்குச் சற்றுமுன் ஃபெரோசிலிக்கன் (இரும்பு-சிலிக்கன் கலவை) தூவுகிறார்கள். சிலிக்கன் கிராஃபைட் பிரிய உதவும். தூவிவிட்டு ஊற்றத் தாமதித்தால் சில நிமிடங்களிலேயே பலன் குறையத் தொடங்கும். விளிம்பு மட்டும் அரம் பிடிக்காத புது வார்ப்பு வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இந்தத் தாமதத்தைத்தான்.

சரி, வெல்டிங்குக்கு வருவோம். ஆர்க், அதாவது ராடு முனையின் மின்பொறி, ஒரு சின்னக் கோட்டை மட்டும் உருக்குகிறது. சுற்றிலும் குளிர்ந்த இரும்பு சூட்டை உறிஞ்ச, நொடிகளில் உறைந்துவிடுகிறது. ஆகவே ஒட்டின் கரையில் வெள்ளை இரும்புப் பட்டை ஒன்று உருவாகும். சுருங்கும்போது வளைந்துகொடுக்கத் தெரியாமல் அது விரிசல் விடும். நிக்கல் ராடு விலை கூடுதல்தான். ஆனால் அந்த ஒட்டு மென்மையாக இருப்பதால் சுருக்கத்தைத் தாங்கும். ஓர் அங்குலம் வைத்து, லேசாகத் தட்டி, ஆறவிட்டு அடுத்த அங்குலம். முடித்ததும் சாம்பலிலோ உலர்ந்த மணலிலோ புதைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது. இரும்பை உருக்காமல் பித்தளை வைத்து ஒட்டுவதும் நல்ல வழி.

குளச்சல், தேங்காய்ப்பட்டணம் படகுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. உப்புநீரில் கிடக்கும் சாம்பல் வார்ப்பில் இரும்பு அரித்துப் போய், கிராஃபைட் கூடு மட்டும் உருவம் மாறாமல் மிஞ்சும். பார்வைக்குப் பம்பு உறை நன்றாகவே தெரியும். கத்தியால் சுரண்டுங்கள். பென்சில் கரியைப் போல உதிர்ந்தால் எந்த ராடும் அதில் பிடிக்காது, புதுசு வாங்கிவிடுங்கள்.