பதினொரு மணிக்குத் தெரியாத முடக்கம்

முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனும் மூட்டழற்சி நோய்) உள்ளவர்கள் வெளிநோயாளர் பிரிவில் என் முன்னால் வந்து அமரும்போது பெரும்பாலும் காலை பதினொரு மணி ஆகியிருக்கும். விடியற்காலையில் மூட்டுகளைப் பூட்டிப்போட்டிருந்த இறுக்கம் அதற்குள் பாதிக்கு மேல் தளர்ந்திருப்பதால், விரல்களை மடக்கச் சொன்னால் ஓரளவு மடக்கிக் காட்டிவிடுகிறார்கள். அதே கை காலை ஐந்து மணிக்குப் பால் பாக்கெட்டைப் பிரிக்கவும், ரவிக்கைக் கொக்கியை மாட்டவும், இட்லிப் பானையை இறக்கவும் முடியாமல் தவித்தது ஓ.பி. சீட்டில் ஏறுவதில்லை. ஆண்களைவிடப் பெண்களை 2 முதல் 3 மடங்கு அதிகமாகத் தாக்கும் இந்நோயில், வீட்டு வேலை மிகுந்த நேரமும் இறுக்கம் மிகுந்த நேரமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. "மத்தியானம் நல்லாத்தானே இருக்கா" என்று கணவர் சொல்வதில் பொய்யில்லை. அவர் பார்ப்பது மத்தியானத்தைத்தான்.

இந்த இயலாமையில் இரண்டு கூறுகள் கலந்திருக்கின்றன. மூட்டின் உட்சவ்வு அழன்று வீங்குவதால் வருவது மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் பெருமளவு நீங்கிவிடும். அழற்சி நீடித்து, குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்பட்டு, தசைநாண்கள் இடம் நழுவி, விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்த பின் வருவதை எந்த மாத்திரையும் நேராக்காது. அழற்சியை அடக்கும் மெதோட்ரெக்சேட் மருந்தை (வாரம் ஒரு முறை மட்டுமே, தினமும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து) வலி குறைந்ததும் தாமாக நிறுத்திவிடுபவர்கள் முதல் நிலையிலிருந்து இரண்டாவதற்கு நகர்வதைக் கண்டு வருகிறோம்.

செயல்திறனை அளக்க, 1980-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து வெளியான வினாப்பட்டியல் பரவலாகப் பயன்படுகிறது: உடுத்தல், எழுந்திருத்தல், உண்ணல், நடத்தல் முதலிய 8 பிரிவுகள், 20 வினாக்கள், 0 முதல் 3 வரை மதிப்பெண். இறைச்சித் துண்டை வெட்ட முடிகிறதா என்பது அதில் ஒரு வினா. மதிப்பெண்ணுக்காக அல்லாமல் நிலைமை புரிவதற்காக, துணி பிழிவது, தரையிலிருந்து எழுவது, பேருந்துக் கம்பியைப் பிடிப்பது ஆகியவற்றையும் நான் கேட்கிறேன்.

மருத்துவரைப் பார்க்கும் முன் ஒரு வாரத்துக்கு, இறுக்கம் எத்தனை மணிக்குத் தளர்ந்தது, எந்த வேலையைப் பிறரிடம் விட நேர்ந்தது என்று குறித்து வாருங்கள். காய் நறுக்குவதை முந்தைய இரவுக்கு மாற்றலாம். பாத்திரத்தை இரு உள்ளங்கைகளாலும் தாங்கித் தூக்கலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் முடக்குவாதம் தனியாக இல்லையென்றாலும், நிலைத்துவிட்ட மூட்டுச் சிதைவை இயக்கக் குறைபாடாக மதிப்பிட இடமுண்டு. பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைந்தது 40 விழுக்காடு குறைபாடு இருக்க வேண்டும். வந்து போகும் காலை இறுக்கம் அந்தக் கணக்கில் எளிதில் ஏறாது என்பதால், எக்ஸ்ரே படங்களையும் பழைய சிகிச்சைப் பதிவுகளையும் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள்.